சாரி, ரிக்ரெட், அபாலஜி: மூன்றும் மன்னிப்புதானா?

கேள்வி இது: “இங்கிலாந்தில் வேலைக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. இங்கே ரயிலில் இடித்தவரும் சாரி என்கிறார், இடிபட்டவரும் சாரி என்கிறார். ஆனால் எங்கள் நிறுவனம் வாடிக்கையாளருக்கு அனுப்பும் கடிதங்களில் சாரியையே காணோம். எல்லாம் ரிக்ரெட்தான். இரண்டும் ஒன்றா, வேறா? எதை எங்கே சொல்ல வேண்டும்?”

வேறுதான். எவ்வளவு வேறு என்பது தமிழ்ப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஓர் அரசியல்வாதி ஏதோ பேசி மாட்டிக்கொள்கிறார். மறுநாள் தலைப்பில் “வருத்தம் தெரிவித்தார்” என்று வந்தால் ஒரு அர்த்தம், “மன்னிப்பு கேட்டார்” என்று வந்தால் இன்னொரு அர்த்தம். முதலாவதில் ஆள் தப்பித்துவிட்டார், இரண்டாவதில் பணிந்துவிட்டார். நீதிமன்ற அவமதிப்பு வழக்குகளில் “நிபந்தனையற்ற மன்னிப்பு” என்று அடைமொழி போட்டு எழுதுவதும் இதனால்தான். ரிக்ரெட் என்பது வருத்தம், அபாலஜி என்பது மன்னிப்பு. இவை இரண்டிலும் குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் நடுவில் நிற்கும் சாரியால் வருகிறது. அது சில நேரம் வருத்தம், சில நேரம் மன்னிப்பு, பல நேரம் இரண்டுமே இல்லை.

அதனால் சொல்லை மட்டும் பார்த்துப் பயனில்லை என்பதுதான் என் பதில். சொல்லுக்கு முன்னால் யார் நிற்கிறார், பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் பொறுப்பை ஏற்பதும் தட்டிக்கழிப்பதும் அங்கேதான் நடக்கின்றன.

ரயிலில் இருந்தே தொடங்கலாம். கேட் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மானுடவியலாளர் பொது இடங்களில் வேண்டுமென்றே ஆட்கள் மேல் இடித்துப் பார்த்தார். இடிபட்டவர்களில் பெரும்பாலோர் சாரி சொன்னார்கள். இது வருத்தமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. “உங்கள் இடத்துக்குள் வந்துவிட்டேன், எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை” என்ற அறிவிப்பு. நம் ஊரில் யார் மீதாவது கால் பட்டுவிட்டால் கை தானாகவே அவரைத் தொட்டுக் கண்ணுக்குப் போகிறதே, அந்த வகை. அதே சாரியைக் கேள்வியின் தொனியில் இழுத்தால் “என்ன சொன்னீர்கள்?” என்று பொருள். சாரிக்குப் பின்னால் உடனே ‘பட்’ வந்தால் சண்டைக்குத் தயாராகிறார். “யூ வில் பி சாரி” என்றால் மிரட்டல். “எ சாரி ஸ்டேட்” என்றால் பார்க்கச் சகிக்காத நிலை. ஒருமுறை சொன்னது காதில் விழாவிட்டால் ‘பார்டன்’ என்று கேட்பதும் உண்டு. ஆனால் இங்கிலாந்தின் மேல்தட்டு மக்களுக்கு அந்தச் சொல் பிடிக்காது. 1950-களில் எந்தச் சொல் மேல்குடி, எந்தச் சொல் இல்லை என்று பெரிய விவாதமே அங்கே நடந்தது. அதில் மாட்டிய சொற்களில் பார்டனும் ஒன்று. வேலைக்குப் போன இடத்தில் இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம்.

நம்மவர்கள் உண்மையில் தடுமாறும் இடம் துக்க வீடு. ஓர் ஆங்கிலேயரிடம் அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னால் “ஐ ஆம் ஸோ சாரி” என்பார், அல்லது “சாரி ஃபார் யுவர் லாஸ்” என்பார். இவர் ஏன் நம்மிடம் சாரி கேட்கிறார் என்று முதல் தடவை கேட்கும்போது தோன்றும். பதிலுக்கு “இட்ஸ் ஓகே” என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. சொல்ல வேண்டியது “தேங்க் யூ” மட்டுமே. அவர் மன்னிப்பு கேட்கவில்லை. “எனக்கும் நோகிறது” என்கிறார். சொல்லின் பழைய பொருளே அதுதான். சாரி என்பது பழைய ஆங்கிலத்தில் வலி, புண் என்று பொருள்படும் சொல்லில் இருந்து வந்தது. உடம்பு வலிக்கிறது என்பதற்கு இன்றும் ‘சோர்’ என்கிறார்களே, அதன் உறவு. துயரம் என்று பொருள்படும் ‘ஸாரோ’ பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் வேறு வேரில் பிறந்தது.

ஆக, சாரி சொல்கிறவர் தன் மனநிலையைச் சொல்கிறார். அபாலஜைஸ் சொல்கிறவர் ஒரு காரியத்தைச் செய்கிறார். ஆக்ஸ்ஃபோர்ட் தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் 1955-ல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் இதைப் பிரித்துக் காட்டினார். “ஐ அபாலஜைஸ்” என்று வாயால் சொன்னதுமே மன்னிப்பு கேட்பது நடந்து முடிந்துவிடுகிறது. “ஐ ஆம் சாரி” பாதி செயல், பாதி வர்ணனை. செய்ததை நினைத்து மனம் வருந்துகிறேன் என்னும் “ஐ ரிபென்ட்” முழு வர்ணனை. வேடிக்கை என்னவென்றால், செயலாகச் சொல்லும் சொல்லுக்குத்தான் ஈரம் குறைவு. மனைவியிடம் “ஐ அபாலஜைஸ்” என்றால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும். அங்கே சாரிதான். வாடிக்கையாளருக்கு வெறும் சாரி என்று எழுதினால் அலட்சியம் மாதிரி இருக்கும். அங்கே அபாலஜைஸ்தான்.

இனி உங்கள் நிறுவனத்தின் ரிக்ரெட். பழைய பிரெஞ்சில் இறந்தவருக்காக அழுது புலம்புவதைக் குறித்த சொல் இது. இன்று அந்த ஈரம் முழுக்கக் காய்ந்து அலுவலகக் காகிதத்துக்கு வந்துவிட்டது. இதை ஆளும்போது ஒரே ஓர் இலக்கண விஷயத்தை மட்டும் கவனித்தால் போதும். ரிக்ரெட்டுக்குப் பின்னால் ‘டு’ வந்தால் இனிமேல் சொல்லப்போகும் கெட்ட செய்திக்கு வருத்தம். ‘இங்’ வந்தால் ஏற்கெனவே செய்ததற்கு வருத்தம். “ஐ ரிக்ரெட் டு ஸே” என்றால் “சொல்லவே சங்கடமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்”. “ஐ ரிக்ரெட் ஸேயிங்” என்றால் “அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது”. வேலை கிடைக்காதவருக்கு வரும் “வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ” முதல் வகை. அதில் யாரும் எந்தத் தப்பையும் ஒப்புக்கொள்ளவில்லை. உலகப் போர்க் காலத்தில் மகன் களத்தில் விழுந்த செய்தியைப் பெற்றோருக்குக் கொண்டுவந்த தந்திகளிலும் இந்தச் சொல்தான் இருந்தது. விருந்துக்கு ஒருவர் “தன் ரிக்ரெட்ஸை அனுப்பினார்” என்றால் வரவில்லை என்று பொருள், அவ்வளவே.

இந்தியாவில் இந்தச் சொல் இன்னும் ஒரு படி போய், ஆளே இல்லாமல் நிற்கக் கற்றுக்கொண்டது. ரயில் தாமதமானால் ஒலிபெருக்கியில் “தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்”. பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாள் “தி எரர் இஸ் ரிக்ரெட்டட்”. யார் வருந்துகிறார்? வாக்கியத்தில் ஒருவரும் இல்லை. தமிழில் இந்த வித்தை எடுபடாது. தூர்தர்ஷன் காலத்தில் படம் நின்றுபோனால் திரையில் வந்த “தடங்கலுக்கு வருந்துகிறோம்” நினைவிருக்கும். அந்த ‘ஓம்’ விகுதியில் யாரோ சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். வினைமுற்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆனால் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம், நம்மிடம் வேறு வித்தை இருக்கிறது. “உடைச்சுட்டேன்” என்பதற்குப் பதில் “உடைஞ்சுடுச்சு” என்போம். “தப்பு பண்ணிட்டேன்” என்பதற்குப் பதில் “தப்பு நடந்துடுச்சு” என்போம்.

ஆங்கிலத்தில் அதற்கு நிகராகப் புகழ்பெற்றது “மிஸ்டேக்ஸ் வேர் மேட்” என்ற வாக்கியம். ஈரானுக்கு அமெரிக்கா ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்த பிறகு, 1987 ஜனவரி 27 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் அதிபர் ரேகன் இப்படிச் சொன்னார்: கடுமையான தவறுகள் செய்யப்பட்டன. செய்தது யார் என்பதில்லை. அரசியலில் நழுவுவதற்கு உதாரணமாக இன்றுவரை இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அதே உரையில், இதற்குச் சற்று முன்னால், “எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. ஈரான் விஷயத்தில் நான் ஒரு துணிச்சலில் இறங்கினேன், அது பலிக்கவில்லை, அதற்கு முழுப் பொறுப்பை ஏற்கிறேன்” என்றும் சொன்னார். ‘நான்’ என்று தொடங்கிய அந்த வாக்கியம் யாருக்கும் நினைவில்லை. ஆள் இல்லாத வாக்கியம்தான் ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் நழுவலை மோப்பம் பிடிப்பதில் கேட்கிறவர்களின் காது எவ்வளவு கூர்மை என்பதும் இதில் தெரிகிறது.

நாடுகளுக்கு இடையே போனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பேரம் நடக்கும். 2001 ஏப்ரல் 1 அன்று அமெரிக்க உளவு விமானம் ஒன்றும் சீனப் போர் விமானம் ஒன்றும் தென்சீனக் கடலுக்கு மேல் மோதிக்கொண்டன. சீன விமானி வாங் வெய் இறந்தார். அமெரிக்க விமானம் அனுமதி பெறாமல் ஹைனான் தீவில் இறங்க வேண்டியதாயிற்று. அதிலிருந்த 24 பேரையும் சீனா பிடித்து வைத்துக்கொண்டு, மன்னிப்பு கேட்டால்தான் விடுவோம் என்றது. மன்னிப்பு கேட்க எங்களிடம் ஒன்றும் இல்லை என்றது அமெரிக்கா. பதினோரு நாள் இழுபறிக்குப் பின் தூதர் ஜோசப் ப்ரூயர் கொடுத்த கடிதத்தில் ‘வெரி சாரி’ இரண்டு இடங்களில் இருந்தது. சீன மக்களுக்கும் விமானியின் குடும்பத்துக்கும் நேர்ந்த இழப்புக்கு ஒன்று. வாய்மொழி அனுமதி இல்லாமல் சீன எல்லைக்குள் வந்து இறங்கியதற்கு மற்றொன்று. மோதலுக்கு என்று ஒரு சாரியும் இல்லை. அபாலஜி என்ற சொல்லும் இல்லை. முதலாவது, துக்க வீட்டில் சொல்லும் சாரி. இரண்டாவது, அனுமதியின்றி உள்ளே வந்தவர் சொல்லும் சாரி. சீனா தன் மக்களுக்கு அதை மன்னிப்பு என்றே அறிவித்தது. அமெரிக்கா தன் மக்களிடம் மன்னிப்பு கேட்கவில்லை என்றது. விமானப் படையினர் வீடு திரும்பினார்கள். சாரி என்ற சொல் இரண்டு பக்கமும் சாய்கிற சொல்லாக இருந்ததால் கிடைத்த தீர்வு இது. வெறும் ரிக்ரெட் என்றால் சீனா ஏற்றிருக்காது. அபாலஜைஸ் என்றால் அமெரிக்கா எழுதியிருக்காது.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஜாலியன்வாலா பாக். நூற்றாண்டு நினைவு நாளுக்கு மூன்று நாள் முன்னால், 2019 ஏப்ரல் 10 அன்று பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் பேசினார். அது பிரிட்டிஷ் இந்திய வரலாற்றின் வெட்கக்கேடான வடு என்றார். நடந்ததற்கும் அதனால் விளைந்த துன்பத்துக்கும் ‘டீப்லி ரிக்ரெட்’ என்றார். எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின் எழுந்து, முழுமையான, தெளிவான, ஐயத்துக்கு இடமில்லாத அபாலஜி வேண்டும் என்றார். அது வரவில்லை. மே சொன்ன வாக்கியத்தைக் கவனியுங்கள். “வாட் ஹேப்பண்ட்” என்கிறார், நடந்தது என்று. “வாட் வீ டிட்” என்று இல்லை. சுட்டவர்கள் வாக்கியத்தில் இல்லை. ‘டீப்லி’ என்ற அடைமொழி எத்தனை ஆழம் தோண்டினாலும் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

இதன் பக்கத்தில் இன்னொரு பிரிட்டிஷ் பிரதமரை வைத்துப் பார்க்கலாம். 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெரி நகரில் ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டார்கள். பதின்மூன்று பேர் அன்றே இறந்தார்கள். நீண்ட விசாரணைக்குப் பின் அறிக்கை வெளிவந்த 2010 ஜூன் 15 அன்று டேவிட் கேமரன் சொன்னது: நடந்தது நியாயமற்றது, நியாயப்படுத்தவும் முடியாதது. அது தவறு. நம் படையினர் சிலர் தவறாக நடந்துகொண்டார்கள். படையின் நடத்தைக்கு இறுதிப் பொறுப்பு அரசாங்கத்துக்கு. அதற்காக அரசின் சார்பிலும் நாட்டின் சார்பிலும் ‘ஐ ஆம் டீப்லி சாரி’. அபாலஜைஸ் என்ற சொல்லை அந்த இடத்தில் அவர் தொடவே இல்லை. ஆனாலும் டெரி மக்கள் அதை மன்னிப்பாகவே எடுத்துக்கொண்டு தெருவில் கை தட்டினார்கள். காரணம், சாரிக்கு முன்னால் வந்த வாக்கியங்களில் ஆள் இருக்கிறார், ‘தவறு’ இருக்கிறது, ‘பொறுப்பு’ இருக்கிறது. அவர்தான் 2013-ல் அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாகுக்குப் போய், மிகவும் வெட்கக்கேடான நிகழ்வு என்று எழுதிவிட்டு, சாரி சொல்லாமல் திரும்பினார். அதே ஆள், அதே மொழி. எங்கே எந்தச் சொல் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

பணம் கொடுத்துவிட்டும் இந்தக் கோட்டைத் தாண்டாமல் இருக்கலாம். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கென்யாவில் நடந்த மாவ் மாவ் எழுச்சிக் காலச் சித்திரவதைகளுக்கு ‘சின்சியர்லி ரிக்ரெட்’ என்று 2013 ஜூனில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் அறிவித்தார். 5,228 பேருக்கான இழப்பீடும் வழக்குச் செலவுமாக 1 கோடியே 99 லட்சம் பவுண்ட் தரவும் ஒப்புக்கொண்டார். அதே அறிக்கையில், சட்டப்படியான பொறுப்பை ஏற்கவில்லை என்றும் சொல்லிவிட்டார்.

ஆஸ்திரேலியாவில் கதை தலைகீழ். பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன கொள்கைக்காக 1999-ல் பிரதமர் ஜான் ஹோவர்ட் ‘டீப் அண்ட் சின்சியர் ரிக்ரெட்’ என்று தீர்மானம் கொண்டுவந்தார். சாரி மட்டும் சொல்ல மாட்டேன் என்று நின்றார். பழங்குடியினர் கேட்டதோ சாரிதான். அவர்களுடைய ஆங்கிலத்தில் இறப்பையொட்டிய துக்கச் சடங்குகளுக்கே ‘சாரி பிஸினஸ்’ என்று பெயர். 2008 பிப்ரவரி 13 அன்று அப்போதைய பிரதமர் கெவின் ரட் “வீ அபாலஜைஸ்” என்றும் சொன்னார், “வீ ஸே சாரி” என்று திரும்பத் திரும்பவும் சொன்னார். முன்னது சட்டங்களுக்கும் கொள்கைகளுக்கும். பின்னது தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும், உடைந்த குடும்பங்களுக்கும். இரண்டு சொல்லையும் அதனதன் இடத்தில் வைத்த உரை என்று நான் நினைக்கிறேன்.

நிறுவனங்கள் ஏன் சாரியைக் கண்டு அஞ்சுகின்றன என்பதற்குப் பதில் ஓரளவு இங்கேயே வந்துவிட்டது. நாளை வழக்கு வந்தால் அந்தச் சொல்லே சாட்சியாகிவிடும் என்ற பயம். மருத்துவமனைகளில் இது மோசமாக வெளிப்பட்டது. நோயாளி இறந்துபோன வீட்டாரிடம் டாக்டர் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவும் தயங்கினார். இந்தப் பயத்தைப் போக்கச் சட்டங்களும் வந்தன. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1986-லேயே அனுதாபச் சொற்களைப் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகக் காட்டக் கூடாது என்றது. கலிஃபோர்னியாவின் சட்டம் நுணுக்கமானது. அனுதாபத்துக்குப் பாதுகாப்பு உண்டு, கூடவே “தப்பு என்னுடையது” என்று சொல்லியிருந்தால் அந்தப் பகுதிக்குப் பாதுகாப்பு இல்லை. கனடாவில் ஒன்டாரியோ 2009-ல் மன்னிப்புக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. நீங்கள் இருக்கும் இங்கிலாந்தில் 2006-ம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் 2-ம் பிரிவு, மன்னிப்பு கேட்பதே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்கிறது. அதாவது உங்கள் நிறுவனம் தாராளமாக அபாலஜைஸ் பண்ணலாம். பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான்.

பொறுப்பே இல்லாதவருக்கும் சாரி வாயில் வருவது வெறும் சம்பிரதாயமா? பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற தத்துவவாதி 1976-ல் ஓர் உதாரணம் சொன்னார். லாரி ஓட்டுநர் ஒருவர். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. குறுக்கே ஓடிவந்த குழந்தை அடிபட்டு இறந்துவிடுகிறது. வேடிக்கை பார்த்தவர்களின் வருத்தமும் அவர் வருத்தமும் ஒன்றாக இருக்க முடியாது. என் கையால் நடந்துவிட்டதே என்பது அவருக்கு மட்டும் உரியது. குற்றவாளியின் உறுத்தலும் இல்லை இது. அந்த ஓட்டுநருக்கு ரிக்ரெட் போதாது, அபாலஜி பொருந்தாது. சாரி ஒன்றுதான் அவர் சொல்லக்கூடியது.

மனத்துக்குள்ளேயே நொந்துகொள்வதற்கு ஆங்கிலம் வினைச்சொல்லைக் காலத்தில் பின்னுக்குத் தள்ளும். “ஐ விஷ் ஐ ஹேட்”, “இஃப் ஒன்லி”, “ஐ ஷுட் ஹேவ்”. தமிழின் “போயிருக்கலாம்”, “சொல்லாமல் இருந்திருக்கலாம்” இவற்றுக்குக் கிட்டத்தட்ட நேர். கவனம் தேவைப்படுவது ஓர் இடத்தில்தான். “ஐ ஷுட் ஹேவ்” என்றால் தன்னையே நொந்துகொள்வது. அதில் ‘ஐ’-யை எடுத்துவிட்டு ‘யூ’ போட்டால் அடுத்தவரைக் குற்றம் சாட்டுவது. “யூ மைட் ஹேவ் டோல்ட் மீ” என்று ஓர் ஆங்கிலேயர் மெதுவாகச் சொன்னால் கோபமாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடைமொழிகளுக்கும் ஜோடிப் பொருத்தம் உண்டு. ரிக்ரெட்டோடு ‘டீப்லி’, சொந்த வாழ்க்கைக் கசப்பு என்றால் ‘பிட்டர்லி’. அபாலஜைஸோடு ‘சின்சியர்லி’, பிரிட்டிஷ் அரசியல்வாதி வேறு வழியே இல்லாமல் மாட்டிக்கொண்டால் ‘அன்ரிசர்வ்ட்லி’, நம் நிபந்தனையற்ற மன்னிப்புக்கு நேரான சொல். சாரியோடு ‘ஸோ’, ‘வெரி’, ‘ரியலி’. ‘டெரிப்லி சாரி’ பிரிட்டிஷாருக்கு இயல்பு, அமெரிக்கர் காதுக்குக் கொஞ்சம் நாடகம். “ஐ ஆம் அஃப்ரெய்ட் வீ ஆர் க்ளோஸ்ட்” என்று கடைக்காரர் சொன்னால் அவருக்குப் பயம் ஒன்றும் இல்லை. இல்லை என்று சொல்வதற்கு முன் போடும் மெத்தை அது. ‘என் தப்பு’ என்ற பொருளில் வரும் ‘மை பேட்’ நண்பர்களோடு விளையாட்டு மைதானத்தில் போதும், மேலாளரிடம் வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் எழுத வேண்டிய கடிதம். மனிதர்களை நிஜமாகவே எரிச்சல்படுத்துவது ‘இஃப்’. “உங்களுக்குச் சிரமம் ஏற்பட்டிருந்தால் சாரி” என்றால், சிரமம் ஏற்பட்டதா என்பதையே சந்தேகிக்கிறீர்கள். “நீங்கள் அப்படி நினைத்ததற்கு சாரி” என்றால் தப்பு அவர் நினைப்பில் இருக்கிறது என்கிறீர்கள். இதைவிட எழுதாமலே இருக்கலாம். பொருள் தாமதமாகப் போயிருந்தால் “வீ அபாலஜைஸ் ஃபார் செண்டிங் யுவர் ஆர்டர் லேட்” என்று தொடங்குங்கள். ‘ஃபார்’-க்குப் பின்னால் நீங்கள் செய்தது வரட்டும். எப்போது வந்து சேரும் என்பது அடுத்த வாக்கியம். தாமதத்துக்குக் காரணம் சொல்வதானால் அதற்கும் பிறகு, ஒரே வரியில். ரிக்ரெட்டை, அவர் கேட்ட பொருள் இனி வரவே வராது என்று சொல்ல வேண்டிய நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.